வேலையில்லாதவர்களை எண்ணும் வேலை

பொருளாதார வளர்ச்சியைப் பற்றி எனக்கு எல்லாமே தெரிந்திருந்த காலத்தில் எனக்கு வேலை கிடையாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தபால் வழியில் எம்.ஏ. பொருளாதாரம் படித்தேன். இரண்டாம் முயற்சி, இரண்டாம் வகுப்பு. சான்றிதழ் கைக்கு வந்த வாரமே பெயர்ப்பலகை எழுதுகிறவரிடம் போய், பட்டத்தோடு ஒரு தகரப் பலகை எழுதி வாங்கிவந்து வாசலில் மாட்டினேன். அவர் அவசரத்தில் ஒரு கால் விட்டுவிட்டார். "எம்.ஏ. பொருளதாரம்" என்று இருந்தது. தங்கச் சுரங்கத்துக் குடியிருப்பான பாலகாட்டில் எங்கள் வரிசையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. இரண்டு வருஷம் நானும் கவனிக்கவில்லை.

ஒரே நீளக் கூரையின் கீழ் பெட்டி பெட்டியாகத் தடுத்த சுரங்கத்து வீடுகளை நாங்கள் லைன் என்போம். எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், என் பலகை. அப்பாவுக்குச் சுரங்கத்துக்குள் டிம்பர்மேன் வேலை. பாறை சரிந்து விழாமல் மரத்தால் முட்டுக் கொடுப்பது. காலையில் அவர் ஷிஃப்டுக்குப் போகும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். அவர் பூமிக்கடியிலிருந்து திரும்பி வரும்போது பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். சோம்பேறி என்று என்னை நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. நாட்டின் பொருளாதாரக் கொள்கை மாறிக்கொண்டிருந்தது, அதை யாராவது கவனிக்க வேண்டாமா?

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருந்தார். அவர் கணவர் உள்ளே பாறை துளைத்துத் துளைத்து நெஞ்சில் தூசி ஏறி, வேலையை விட்டு வீட்டில் இருந்தார். அதனால் அக்கா விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்குப் போவார். அங்கே ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைக்கிற வேலை. விளக்கு வைத்த பிறகு திரும்புவார். பகல் வெளிச்சத்தில் அவர் முகத்தை ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க முடியும். அன்று குழாயடியில் நிற்கும்போது கேட்பார்.

"இன்னா தம்பி, பேப்பர்ல இன்னா போட்டுக்கிறான்?"

"நாடு வளருதுக்கா. வெளிநாட்டுக் கம்பெனியெல்லாம் வருது. உற்பத்தி ஏறுது."

"ஏறட்டும். வேலை?"

"அது பின்னாடியே வரும். மொதல்ல வளர்ச்சி, அப்புறம் வேலை."

"எத்தினி நாள் பின்னாடி?"

நான் படித்த புத்தகத்தில் அதற்குப் பதில் இருந்தது. "நீண்ட காலத்துல" என்றேன்.

"நீ எங்க ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரியே பேசறே. அவரும் வண்டி வருது வருதுன்னுதான் சொல்லுவாரு" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். பாவம், படிக்காதவர், பொறுமை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலங்களில் பி.யூ.சி. மாணவர்களுக்கு டியூஷன் எடுத்தேன். அவர்களில் ஒருவன் பாஸ் செய்து பெங்களூரில் ஒரு கூரியர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் இனிப்புப் பெட்டியோடு வந்தான். "எல்லாம் உங்க ஆசீர்வாதம் சார்" என்றான். என் ஆசீர்வாதத்துக்கு அத்தனை சக்தி இருந்தால் அதில் கொஞ்சம் எனக்கே போட்டுக்கொண்டிருப்பேன். அடுத்த வருஷம் இன்னும் இரண்டு பெட்டி இனிப்பு வந்தது. மூன்றாம் வருஷம், வேலை கிடைத்த மாணவன் வருகிறான் என்று தெரிந்தால் கொல்லைப்புறமாக, சுரங்கக் கழிவு மண் கொட்டிக் கிடக்கும் சயனைடு மேட்டுப் பக்கம் காலாற நடக்கப் போய்விடுவேன்.

தொண்ணூறுகளின் பாதி தாண்டியதும் சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு எங்கும் பரவியது. நட்டத்தில் ஓடுகிறது, தோண்ட ஆகிற செலவுக்குத் தங்கம் கட்டுப்படியாகவில்லை என்றார்கள். எங்கள் ஊரின் மைசூர் மைன்ஸ் பகுதியில் தொழிலாளர்கள் கூடுகிற மன்றம் ஒன்று இருந்தது. அதன் செயலாளர் என் பலகையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். "புதிய கொள்கையும் நம்ம சுரங்கமும்" என்று ஞாயிற்றுக்கிழமை பேச வேண்டும் என்றார். நான் யோசிப்பது போல ஒரு நிமிஷம் நடித்துவிட்டு ஒப்புக்கொண்டேன்.

இரண்டு வாரம் தயார் செய்தேன். கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். அன்று மன்றத்தில் இருநூறு பேருக்குக் குறையாது. மூன்றாவது வரிசையில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அப்பா. எனக்கு ஒரு கரும்பலகை கேட்டு வாங்கியிருந்தேன். இடது பக்கம் ஒரு வட்டம் போட்டு 'சுரங்கம்' என்று எழுதினேன். வலது பக்கம் பெரிய வட்டம், 'சேவைத் துறை'. நடுவில் ஓர் அம்புக்குறி.

"நட்டம் வருகிற துறையில் உழைப்பு தேங்கி நிற்கக் கூடாது. அங்கிருந்து விடுபட்டு வளர்கிற துறைக்கு நகர வேண்டும். வளர்ச்சி பெற்ற நாடுகள் எல்லாம் இப்படித்தான் வளர்ந்தன. இதைக் கண்டு நாம் கலங்கத் தேவையில்லை" என்றேன். அம்புக்குறியின் மேல் சாக்பீஸால் இன்னொரு முறை தடவிக் கொழுக்க வைத்தேன். ஒரு மணி நேரம் பேசினேன். வேலை போகப்போகிற இருநூறு பேரைப் பார்த்து, அது நாட்டுக்கு நல்லது என்று ஒரு மணி நேரம் பேச எவ்வளவு முட்டாள்தனம் வேண்டுமோ அவ்வளவும் என்னிடம் இருந்தது.

கேள்வி நேரம் வந்தது. பின்வரிசையிலிருந்து, உள்ளே இறங்குகிறவர்களுக்கு விளக்கு கொடுக்கிற லாம்ப் ரூமில் வேலை பார்க்கிற ஒருவர் எழுந்தார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"சார் ரொம்ப நல்லாப் பேசனாங்க. ஒரே ஒரு சந்தேகம். சார் எந்தத் துறையில இருந்து எந்தத் துறைக்கு நகந்தாங்க?"

மன்றமே சிரித்தது. தகரக் கூரை அதிர்ந்தது என்று சொன்னால் மிகையில்லை. நானும் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன். "அது… தனிப்பட்ட உதாரணங்களை வைத்துக் கோட்பாட்டை அளக்கக் கூடாது" என்று ஆரம்பித்தேன். இரண்டாவது சிரிப்பு முதலாவதை விடப் பெரிதாக இருந்தது. செயலாளர் அவசரமாக எழுந்து நன்றி சொன்னார். ஒரு துண்டு போர்த்தினார்கள்.

சிரிக்காதவர் அப்பா ஒருவர்தான். வீட்டுக்கு இரண்டு மைல். அவர் முன்னால், நான் துண்டோடு பின்னால். பாதி தூரம் வந்த பிறகு அவர் பேசினார்.

"மைக் நல்லா வேலை செஞ்சுது."

அவ்வளவுதான்.

2001 தொடக்கத்தில் சுரங்கத்தை மூடினார்கள். ஷிஃப்டுக்கு ஊதுகிற சங்கு நின்றது. முதல் சில வாரங்கள் ஆட்கள் பழைய நேரத்துக்கே எழுந்து, குளித்து, சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்டின் கேட் வரை போய் நின்றுவிட்டு வந்தார்கள். அப்பாவும் போனார். முகம் மழித்துக்கொண்டு, டிபன் பாக்ஸ் இல்லாமல். பத்து மணிக்குள் திரும்பி வந்து, கட்டிலில் உட்கார்ந்து, எதிர்ச்சுவரைப் பார்ப்பார். பல வருஷங்களாகப் பகலில் அந்த வீடு என் ஒருவனுக்கே சொந்தமாக இருந்தது. இப்போது இரண்டு பேர் வேலையில்லாமல் ஒரே அறையில். பேப்பரை விரித்தால் சத்தம் கேட்கும் என்று மடித்த மடிப்பிலேயே படித்தேன்.

அந்த நேரத்தில்தான் எனக்கு வேலை கிடைத்தது. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி அலுவலகம், சுரங்கத்தை மூடிய பிறகு எத்தனை பேருக்கு வேலை இல்லை என்று கணக்கெடுக்கப் போகிறது. மூன்று மாதத்துக்கு ஆட்கள் வேண்டும். நேர்காணலில் என்னைத் தமிழில் ஒரு கேள்வி, கன்னடத்தில் ஒரு கேள்வி, தெலுங்கில் ஒரு கேள்வி கேட்டார்கள். மூன்றுக்கும் பதில் சொன்னேன். எடுத்துக்கொண்டார்கள். என் எம்.ஏ.வைப் பார்த்துத்தான் எடுத்தார்கள் என்று ஊரெல்லாம் சொன்னேன். சான்றிதழை அவர்கள் கேட்கவேயில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

கழுத்தில் மாட்ட ஓர் அடையாள அட்டை, தோளில் ஒரு பை, பை நிறையப் படிவங்கள். அம்மா அந்த அட்டையைத் தெருவில் நாலு வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள். முப்பதைத் தாண்டும் வயதில் என் முதல் உத்தியோகம், வேலையில்லாதவர்களை எண்ணுவது.

படிவத்தில் முக்கியமான கேள்வி ஒன்றுதான். "கடந்த ஏழு நாட்களில் ஒரு மணி நேரமாவது வருமானம் வரும்படி வேலை செய்தீர்களா?" ஆம் என்றால் அவர் வேலையில் இருப்பவர். இல்லை என்றால் அடுத்த கேள்வி: "வேலை தேடினீர்களா?" தேடியிருந்தால் வேலையில்லாதவர். இரண்டு நாள் பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடுத்தபோது நான் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினேன். சர்வதேச வரையறை, இதில் தவறே வராது என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினேன்.

மூன்றாவது நாள் ஒரு வீட்டுக்குப் போனேன். ஓர் அம்மாள் பலகையை மடியில் வைத்து ஊதுவத்தி உருட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உருட்டியவை கட்டுக் கட்டாகக் காய்ந்தன.

"வேலைக்குப் போறீங்களாம்மா?"

"இல்ல சார். சும்மாதான் கீறேன்." கை நிற்கவில்லை.

"இது?"

"இதுவா? இது சும்மா இருக்க சொல்லோ செய்றது."

அரை மணி நேரம் விளக்கி அவரை வேலையில் இருப்பவர் என்று ஒப்புக்கொள்ள வைத்தேன். நான் கிளம்பும்போது, "இதைப் போய் வேலைன்னு எழுதிட்டீங்களே, வீட்டுக்காரர் கேட்டா சிரிப்பாரு" என்று சங்கடப்பட்டார்.

அதே லைனில் நாலு வீடு தள்ளி, சுரங்கத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். போன வாரம் ஒரு மத்தியானம் தங்கை மகனின் பஞ்சர் கடையில் கூட இருந்து ஒட்டியிருக்கிறார். பையன் ஏதோ கொடுத்திருக்கிறான். விதிப்படி அவர் வேலையில் இருப்பவர். "அப்ப உங்களுக்கு வேலை இருக்குதுன்னு எழுதிக்கறேங்க" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. உள்ளே பார்த்துக் கத்தினார்.

"ஏய், இங்க வா! எனக்கு வேலை போட்டுட்டாங்களாம். சார் எழுதிட்டாரு!"

அவர் மனைவி ஈரக்கையோடு ஓடிவந்தார். அதன் பிறகு அந்தப் படிவத்தின் பொருளை அவர்கள் இருவருக்கும் விளக்க வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் நான் எடுத்த வகுப்புகளிலேயே கடினமான வகுப்பு அதுதான். கடைசியில் அவர், "பரவால்ல சார், நீங்க இன்னா பண்ணுவீங்க" என்று எனக்கு ஆறுதல் சொல்லி, டீ கொடுத்து அனுப்பினார்.

கணக்கெடுப்பில் சுற்றியுள்ள சில கிராமங்களும் இருந்தன. பூதிகோட்டையில் ஒரு தக்காளித் தோட்டக்காரரைப் பார்த்தேன். பழம் செடியிலேயே கனிந்து வெடிக்கிறது, பறிக்க ஆள் இல்லை, எல்லோரும் ரயிலேறிப் போய்விடுகிறார்கள் என்று தெலுங்கில் புலம்பினார். என் பையைப் பார்த்து, "உன் லிஸ்ட்ல வேலையில்லாதவன் இருப்பானே, பத்துப் பேரை அனுப்பேன்" என்றார். உழைப்புச் சந்தையில் தகவல் போதாமை என்று அவருக்கு விளக்கம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், "சரி, நீ வர்றியா?" என்றார்.

ஒரு வீறாப்பில் பையைக் கழற்றி மரத்தில் மாட்டினேன். ஒரு மணி நேரம் பறித்தேன். நான் பறித்ததில் பாதி காய், கால்வாசியை மிதித்திருந்தேன். நிமிர முடியாமல் வரப்பில் உட்கார்ந்தபோது அவர் வந்து என் கூடையைப் பார்த்தார். "நீ எழுதற வேலையையே செய்யப்பா" என்று ஒரு பை நிறையத் தக்காளி கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார். அடுத்த மூன்று நாள் படிவங்களை நின்றுகொண்டேதான் எழுதினேன்.

எட்டு வீட்டுக்கு ஒரு வீடு என்று எண்ணிக்கொண்டு போனதில், பாலகாட்டில் எங்கள் வீடே எட்டாவதாக வந்தது. சொந்த வீடு வந்தால் வேறொரு ஆளிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. வேறு ஆள் பங்காருப்பேட்டையில் காய்ச்சலில் படுத்திருந்தான். ஆகவே ஒரு நாள் காலை, அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, எங்கள் வீட்டுக் கதவை நானே தட்டினேன். அம்மா அதை விளையாட்டு என்று நினைத்து, "வாங்க சார், உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அப்பா கட்டிலிலிருந்து எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். அவர் விளையாடவில்லை.

"கடைசி ஏழு நாள்ல ஒரு மணி நேரமாவது வேலை செஞ்சீங்களா?"

"நீதான் பார்த்துக்கினே இருந்தியே."

"நீங்க சொல்லணும்பா."

"இல்ல."

"வேலை தேடினீங்களா?"

"எங்க போய்த் தேடறது? இருபத்தெட்டு வருஷம் உள்ள மரம் முட்டுக் குடுத்தேன். மேல எதுக்குடா முட்டுக் குடுக்கணும்?"

"தேடினீங்களா இல்லையா, அது மட்டும் சொல்லுங்க."

"தேடல."

நான் கட்டத்தில் அந்தப் பதிலுக்குரிய எண்ணை எழுதினேன். அப்பா எட்டிப் பார்த்தார். "இன்னா போட்ட? வேலையில்லாதவன்னா?"

"இல்லப்பா. வேலை தேடினாத்தான் வேலையில்லாதவர். தேடலன்னா அந்தக் கணக்குல வராது. உழைப்பாளர் படைக்கு வெளியேன்னு போடணும்."

"வெளியேன்னா எங்க?"

நான் விதிமுறைக் கையேட்டைப் புரட்டுவது போலப் புரட்டினேன். அம்மா அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அடுத்தது என் பெயர். எனக்கு நானே எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார்.

"உனக்கு இன்னா போட்டுக்கினே?"

"வேலையில் இருப்பவர்."

"இன்னா வேலை?"

"இதுதான்பா."

அப்பா சிரித்தார். சுரங்கம் மூடிய பிறகு அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு இருமலாகி, கண்ணில் தண்ணீர் வந்து, அம்மா ஓடிவந்து முதுகைத் தடவினாள். நான் பேனாவை மூடினேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் நான் பல் தேய்க்கும்போது அப்பா வந்து நின்றார்.

"தேடறேன்னு எழுதிக்கோ."

"அந்த வாரம் முடிஞ்சிடுச்சுப்பா. இப்ப மாத்தக் கூடாது" என்றேன். இதைச் சொன்ன என் வாயை என்ன செய்யலாம் என்று பின்னாளில் பலமுறை யோசித்திருக்கிறேன். அடுத்த திங்கட்கிழமை விடியுமுன் அப்பா பக்கத்து வீட்டு அக்காவோடு ரயிலேறிவிட்டார். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் வழக்கம்போலத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அக்கா அவரைத் தன் தொழிற்சாலை வாசலில் இருந்த செக்யூரிட்டி ஆளிடம் அறிமுகப்படுத்தியிருக்கிறார். அந்த ஆளும் எங்கள் ஊர், முன்னாள் சுரங்கத்துக்காரர். அவர் வழியாக ஓர் ஏஜென்சி. மூன்றாவது வாரம் அப்பா ஒரு பொட்டலத்தோடு திரும்பினார். பிரித்தால் நீலச் சட்டை, தோளில் பட்டை, ஒரு தொப்பி. தொப்பி காது வரை இறங்கியது. அம்மா உள்ளே பழைய துணி வைத்துத் தைத்துக் கொடுத்தாள்.

இதற்கிடையில் நான் படிவங்களின் குறிப்புப் பகுதியில் எழுத ஆரம்பித்திருந்தேன். இவர் வேலையில் இருப்பவர் என்று எழுதியிருக்கிறேன், ஆனால் நடந்தது இதுதான் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி. இடம் போதாமல் தனித்தாள் வைத்துக் குண்டூசி குத்தினேன். பெங்களூர் மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு, அந்தத் தாள்களை உருவி மேஜையில் அடுக்கினார். "இதை எந்தக் கட்டத்தில் ஏற்றுவது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். மூன்று மாதம் முடிந்தது. அறிக்கை வந்தபோது, வேலையில்லாதோர் எண்ணிக்கை எதிர்பார்த்த அளவுக்கு அதிகம் இல்லை என்று இருந்தது. அதில் என் கையெழுத்தின் பங்கும் உண்டு. நான் மறுபடியும் வீட்டில் பேப்பரும் கையுமாக உட்கார்ந்தேன். இந்த முறை கட்டிலும் எனக்கே.

அந்த வருஷக் கடைசியில் அப்பா ஒரு செய்தி கொண்டுவந்தார். அவர் காவல் நிற்கிற கண்ணாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் ஆள் எடுக்கிறார்கள், படித்தவர்களைக் கேட்கிறார்கள் என்றார். "போய்ப் பார்க்கறியா?" என்றார். மன்றத்துக்குப் போட்டுக்கொண்டு போன சட்டையை இஸ்திரி போட்டேன்.

முதல் தடவையாக அந்த விடியற்கால ரயிலில் ஏறினேன். அப்பா எனக்கு முந்தின வண்டியில் போயிருந்தார். அக்கா கைக்குட்டை போட்டு இடம் பிடித்துக் கொடுத்தார். பெட்டியில் எல்லோருக்கும் அவரவர் இடம் இருந்தது. சிலர் ஏறியதும் தூங்கினார்கள், சிலர் சீட்டுக் குலுக்கினார்கள், ஒருவர் கீரை ஆய்ந்தார். ஒயிட்ஃபீல்டு வருவதற்குள் நான் மூன்று முறை மிதிபட்டேன். இதைத்தான் அக்கா பத்து வருஷமாகச் செய்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

கட்டடத்து வாசலில் அப்பா நின்றார். நான் சிரித்துக்கொண்டே உள்ளே போகப் பார்த்தேன். கையை நீட்டி மறித்தார்.

"சார், ரிஜிஸ்டர்ல எழுதிட்டுப் போங்க."

பின்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். நோட்டில் பெயர், ஊர், நேரம் எழுதினேன். 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் 'வேலை' என்று எழுதினேன். அப்பா அதைக் குனிந்து படித்துப் பார்த்துவிட்டு, ஒரு அட்டையை என் சட்டையில் அவரே குத்திவிட்டார். "மூணாவது மாடி. லிஃப்ட் அந்தப் பக்கம் சார்."

மேலே என்னை விடப் பல வயது இளையவர் ஒருவர் கேள்வி கேட்டார். என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றார். வேலையின்மையை மதிப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்றேன். வளரும் நாடுகளில் உற்பத்தி கூடியும் ஏன் அந்த அளவுக்கு வேலை கூடுவதில்லை என்பது பற்றி எனக்குச் சில கருத்துகள் உண்டு என்றும் சேர்த்தேன். அவர் நாகரிகமானவர், இரண்டு நிமிஷம் கேட்டார். பிறகு ஒரு காதுக்கருவியைக் கொடுத்தார். ஓர் அமெரிக்க டாக்டர் பேசுவதைக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். எனக்கு முதல் வாக்கியத்தில் நோயாளி ஆணா பெண்ணா என்பதே பிடிபடவில்லை. ஒரு விரலால் எழுத்துகளைத் தேடிக்கொண்டிருந்தேன். "சொல்லி அனுப்புறோம்" என்றார்.

கீழே வந்தபோது மணி ஒன்று. அப்பா என் முகத்தைப் பார்த்தார். ரிஜிஸ்டரில் வெளியே போகும் நேரத்தை எழுதச் சொன்னார். எழுதினேன்.

"சாப்ட்டியா?"

"இல்லப்பா. நீங்க?"

"ரிலீவர் வரல. அவன் வந்தாத்தான் இடத்த விட்டுப் போகலாம்." காலை மாற்றி மாற்றி நின்றார். பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தது. அது வருகிறவர்களுக்கு, அவர் உட்காரக் கூடாதாம். "உள்ள இருந்தப்ப கூட கல்லு மேல உக்காந்து பீடி புடிப்போம்" என்றார்.

"நான் நிக்கறேன். நீங்க போய்ச் சாப்ட்டு வாங்க."

சுற்றிலும் பார்த்தார். தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார். "கதவ இழுக்கணும், தள்ளக் கூடாது" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸோடு ஜெனரேட்டர் அறைப் பக்கம் போனார்.

இருபது நிமிஷம் நின்றேன். போகிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் கதவைத் திறந்தேன். இரண்டு முறை தள்ளிவிட்டேன். அப்போது என்னை நேர்காணல் செய்த அந்த இளைஞர் லிஃப்டிலிருந்து வெளியே வந்தார். கதவை இழுத்துப் பிடித்தேன். அவர் கைபேசியைப் பார்த்தபடி "தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார். அரை மணி நேரத்துக்கு முன் எதிரில் உட்கார்ந்து என் கருத்துகளைக் கேட்டவர். எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். உண்மையில் அந்த முழு நாளில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அந்தக் கதவைத் திறந்ததுதான் என்று தோன்றியது.

அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு வந்து தொப்பியை வாங்கிக்கொண்டார்.

"யாராவது வந்தாங்களா?"

"ஒருத்தர் வெளிய போனாரு."

"பேரு எழுதனியா?"

"அவரு இங்க வேலை செய்றவருப்பா."

"அப்ப வேணாம்" என்றார். பாதி மிச்சம் வைத்திருந்த தயிர்சோற்று டப்பாவை என் கையில் கொடுத்து, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் நிழல் இருக்கிறது, போய்ச் சாப்பிடு என்றார். போய்ச் சாப்பிட்டேன்.

மூன்றாவது மாடியிலிருந்து எதுவும் சொல்லி அனுப்பவில்லை. இரண்டு மாதம் கழித்து அக்காவின் தொழிற்சாலையில் வருகைப் பதிவு எழுத ஒரு குமாஸ்தா தேவைப்பட்டது. அக்கா தன் சூப்பர்வைசரிடம் என்னைப் பற்றிச் சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று ரயிலில் கேட்டேன்.

"நல்லா எழுதுவான், பொறுமையா ஒக்காந்திருப்பான்னு சொன்னேன்" என்றார். "படிச்சதப் பத்தி ஒண்ணும் சொல்லல. பயந்துடுவாங்க."